இடம்பெயர்வுக் காலத்தில் கருவிலிருந்த மகன்: எதைச் சோதிப்பது, எதை வாங்காமல் விடுவது

கேள்வி: நான் புதுக்குடியிருப்புப் பக்கம். மகனுக்கு இப்ப 16 வயது. கடைசியா மாதவிலக்கு வந்தது 2008 ஒக்டோபர் தொடக்கத்தில. சண்டைக்குள்ள கிளிநொச்சியால வெளிக்கிட்டு, இடம் இடமா மாறி மாத்தளன் வரைக்கும் போனது அவனை வயித்தில வச்சுக்கொண்டுதான். கடைசி மாதங்களில கஞ்சி கிடைச்சால் பெரிசு. முகாமுக்கு வந்த பிறகு, 2009 யூன் முதல் கிழமையில, நாளாக முந்தியே வவுனியா ஆஸ்பத்திரியில பிறந்தான். 1 கிலோ 900 கிராம். இப்ப நல்லாத்தான் இருக்கிறான், பந்தடிக்கிறான். ஆனால் வயித்துக்குள்ள இருக்கேக்க 'ஒட்சியேற்ற அழுத்தம்' பட்ட பிள்ளையளுக்கு பிறகு பிறசர், சீனி, இருதய வருத்தம் வருமெண்டு ஒருத்தர் சொல்லி, அன்ரிஒக்சிடன்ற் குளிசை தந்து போனவர். மாதம் ஏழாயிரம் ரூபா. குடுக்கலாமோ? என்ன சோதனை செய்ய வேணும்? நான் ஒழுங்காச் சாப்பிடாததாலயோ இது? இன்னொண்டு: என்ர தங்கச்சிக்கு இப்ப ரெண்டாவது பிள்ளை, 9 கிழமை. முதல் பிள்ளைக்குக் கடைசியில பிறசர் ஏறி, சலத்தில புரதம் போய், கெதியாப் பிறப்பிச்சவை. அவள் இந்தக் குளிசையை எடுக்கலாமோ?

பதில்:

குளிசையிலிருந்து தொடங்குகிறேன், காசு போவது அங்கேதான். மகனுக்கு அதைக் கொடுக்க வேண்டாம், தொடங்கியிருந்தால் இன்றே நிறுத்துங்கள். தங்கச்சி அதைத் தொடவே வேண்டாம். வந்தவர் சொன்னதில் முற்பாதி ஓரளவு உண்மை. பிற்பாதி அந்த உண்மையின் முதுகில் ஏறி வந்த வியாபாரம். இரண்டையும் பிரித்துப் பார்த்தால் உங்கள் மற்றக் கேள்விகளுக்கும் வழி தெரியும்.

உடம்பின் உயிரணுக்களில் உள்ள இழைமணிகள் ஒட்சிசனைப் பாவித்துச் சக்தி எடுக்கின்றன. அந்த வேலையில் சிறிதளவு ஒட்சிசன் நீராக மாறி முடியாமல், இடைவழியில் சுப்பரொட்சைட்டு என்ற வெடுக்கான வடிவில் நழுவிவிடும். அதை ஒரு நொதியம் ஐதரசன் பேரொட்சைட்டாக்கும். அதன் பிறகு கற்றலேசு என்ற நொதியமும் குளுட்டத்தயோனைப் பாவிக்கும் நொதியமும் அதை நீராக்கி முடிக்கும். இது ஆரோக்கியமான உடம்பில் நொடிக்கு நொடி நடக்கிற காரியம். உற்பத்தி கூடும்போதோ துடைக்கிற நொதியங்கள் தளரும்போதோ மிச்சம் தேங்குகிறது. அந்தத் தேக்கத்தைத்தான் ஒட்சியேற்ற அழுத்தம் என்கிறோம். தேங்கியது உயிரணு மென்சவ்வின் கொழுப்பையும் புரதத்தையும் மரபணுவையும் அரிக்கும்.

ஒட்சிசன் குறைவாகக் கிடைக்கிற கருவில் ஒட்சியேற்றம் எப்படிக் கூடும் என்று கேட்கலாம். இந்தக் கேள்வியில்தான் விசயம் இருக்கிறது. இழைமணியின் இலத்திரன் சங்கிலிக்குக் கடைசியில் இலத்திரனை வாங்க ஒட்சிசன் வேண்டும். அது போதாதபோது சங்கிலி நெரிசலாகி, இலத்திரன்கள் இடையிலேயே வெளியே சிந்துகின்றன. அதைவிடக் கெடுதல், குருதி ஒரே சீராகக் குறையாமல் விட்டு விட்டு வருவது. தாயின் கருப்பைக்கு வரும் குருதிக்குழாய்கள் சரியாக அகலாவிட்டால் நஞ்சுக்கொடிக்குக் குருதி நின்று நின்று பாயும். ஒவ்வொரு தடவை திரும்பப் பாயும்போதும் சுப்பரொட்சைட்டு குபீரென்று எழும். உங்கள் தங்கச்சிக்கு வந்த கர்ப்பகால உயர் குருதியமுக்கத்தின் அடியில் இருப்பதும் பெரும்பாலும் இதே கோளாறுதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எழுந்த சுப்பரொட்சைட்டு முதலில் விழுங்குவது நைத்திரிக் ஒட்சைட்டை. குருதிக்குழாயைத் தளர்த்தி விரிய வைக்கிற பொருள் அது. அது போனால் குழாய் இறுகும், வரும் குருதி இன்னும் குறையும். கரு அப்போது மூளைக்கும் இதயத்துக்கும் போகிற ஓட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டு சிறுநீரகம், கணையம், நுரையீரல் பக்கம் போவதைக் குறைத்துவிடும். உயிர் தப்புவதற்கு அது சரியான முடிவு. ஆனால் அந்த உறுப்புகள் கட்டி முடிக்கப்படும் காலமும் அதுவே. சிறுநீரகத்தில் குருதியை வடிகட்டுகிற சிறுநீரகத்திகள் ஏறக்குறைய 36 ஆம் வாரத்தோடு உருவாகி முடிந்துவிடும், பிறகு புதிதாக ஒன்றும் வராது. சராசரியாக ஒரு சிறுநீரகத்தில் பத்து இலட்சம் மட்டில் இருக்கும். சிலருக்கு இரண்டு இலட்சம், சிலருக்கு இருபது இலட்சத்துக்கும் மேல். பிறப்பு நிறை ஒரு கிலோ கூடினால் ஒரு சிறுநீரகத்துக்கு இரண்டரை இலட்சம் மட்டில் கூடுதலாக எண்ணப்பட்டிருக்கிறது. இதயத் தசை உயிரணுக்கள் பிறந்து கொஞ்ச நாளில் பெருகுவதை அனேகமாக நிறுத்திவிடும். இன்சுலின் சுரக்கும் கணைய உயிரணுக்களின் அளவும் பெரும்பகுதி குழந்தைப் பருவத்தோடு முடிவாகிவிடும்.

ஆகவே உங்கள் மகனுக்கு இருப்பது நோய் அல்ல, கையிருப்புக் குறைவு. சேமிப்புப் புத்தகத்தில் தொகை குறைவாகத் தொடங்கிய ஆள், செலவைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தால் மற்றவரைப்போலவே காலம் தள்ளலாம். கண்டபடி செலவழித்தால் மற்றவருக்கு முந்திக் கையை விரிக்க வேண்டி வரும். 16 வயதில் விழுங்கும் குளிசை கையிருப்பைக் கூட்டாது, அது கட்டப்பட்ட காலம் போய்விட்டது.

இந்தத் தொடர்பை உலகம் கவனிக்கத் தொடங்கியது 1986 இல். இங்கிலாந்தின் சவுதாம்ப்டனைச் சேர்ந்த டேவிட் பார்க்கர், குழந்தை மரணம் கூடியிருந்த அதே ஊர்களில்தான் பல பத்தாண்டுகள் கழித்து மாரடைப்பு மரணமும் கூடுகிறது என்று காட்டினார். பிறகு தனி ஆட்களின் பிறப்பு நிறைப் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோதும் அதுவே தெரிந்தது. ஒட்சியேற்றம் இடையில் நிற்கிற காரணி என்பதற்கு நேரடிச் சான்று பெரும்பாலும் விலங்குகளில் கிடைத்தது. கேம்பிரிட்ஜில் டீனோ ஜூசானி குழுவினர் கருவுற்ற எலிகளை 13 சதவீத ஒட்சிசனில் வைத்தார்கள் (நாம் சுவாசிக்கும் காற்றில் 21). குட்டிகள் வளர்ந்தபோது இதயமும் குழாய்களும் பழுதாக நடந்தன. தாய் எலிக்கு விற்றமின் சி கொடுத்தபோது அந்தப் பழுது தடுக்கப்பட்டது. குளிசை விற்கிறவர்கள் கையில் வைத்திருக்கிற கதை இதுதான். கொடுத்தது கர்ப்பிணித் தாய்க்கு, அதுவும் மனிதருக்குக் கொடுக்க முடியாத அளவில், என்ற இரண்டையும் விட்டுவிட்டுச் சொல்கிறார்கள்.

மனிதரில் உங்கள் நிலைமைக்கு மிகக் கிட்டிய ஆய்வு நெதர்லாந்துப் பஞ்சம். 1944-45 குளிர்காலத்தில் அங்கே உணவு வரத்துத் தடைப்பட்டு, ஆளொருவருக்குப் பங்கீட்டில் கிடைத்தது நாளுக்கு 400 முதல் 800 கலோரி. அப்போது கருவிலிருந்தவர்களை ஐம்பது வயதளவில் சோதித்தார்கள். கருவின் தொடக்கத்தில் பஞ்சம் பட்டவர்களில் இதயநோயும் கொழுப்புக் கோளாறும் கூடுதல். நடுப்பகுதியில் பட்டவர்களில் சலத்தில் அல்புமின் என்ற குருதிப் புரதத்தின் கசிவும் சுவாசக்குழாய் அடைப்பும் கூடுதல். எந்தக் கட்டத்தில் பட்டாலும், விசேடமாகக் கடைசியில் பட்டால், சீனியைக் கையாளும் திறன் குறைவு.

உங்கள் மாதங்களை இதன்மேல் வைத்துப் பாருங்கள். 2008 ஒக்டோபரில் தொடங்கினால் முதல் மூன்று மாதம் டிசம்பரோடு முடிகிறது. உணவு மிக மோசமானது அதற்குப் பிறகுதானே? அப்படியென்றால் நெருக்கடி விழுந்தது கர்ப்பத்தின் நடுப்பகுதியிலும் கடைசியிலும். பிறந்தது 35 வாரமளவில். அந்த வாரத்துக்கு 2 கிலோ 300, 400 கிராம் இருந்திருக்க வேண்டும். முந்தியும் பிறந்தான், அந்த வாரக் கணக்குக்கும் மெலிவு. ஆகவே மகனில் நான் முதலில் பார்க்கச் சொல்வது சிறுநீரகமும் குருதியமுக்கமும், இரண்டாவது சீனி, மூன்றாவது சுவாசம்.

பயப்படுவதற்கு முந்தி அந்த ஆய்வின் எண்களையும் கேளுங்கள். நடுக்கர்ப்பத்தில் பஞ்சம் பட்டவர்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு அல்புமின் கசிந்தது. பஞ்சமே படாதவர்களில் நூற்றுக்கு ஏழு பேர். கூடியிருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் பஞ்சம் பட்ட நூறு பேரில் 88 பேருக்கு, ஐம்பது வயதிலும், அது இல்லை.

'நான் ஒழுங்காச் சாப்பிடாததாலயோ' என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. சாப்பாடு இல்லாமல் இருந்தது வேறு, சாப்பிடாமல் விட்டது வேறு. உணவு மட்டும் காரணமுமல்ல. பயத்தில் தாயின் கோட்டிசோல் ஓமோன் ஏறும். சாதாரணமாக நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதியம் அதை முடக்கிக் கருவுக்குப் போகவிடாமல் தடுக்கும். நெருக்கடி நீடித்தால் அந்தத் தடுப்பும் பலவீனப்படும். பங்கருக்குள் இருந்த எந்தத் தாயும் அதைத் தன் கையால் கட்டுப்படுத்தியிருக்க முடியாது. இரண்டு கிலோவுக்குக் குறைந்த பிள்ளையை முகாமில் தாய்ப்பால் கொடுத்துத் தப்ப வைத்திருந்தால், அவனுக்குச் செய்யக்கூடியதில் பெரியதைச் செய்துவிட்டீர்கள்.

இனிச் சோதனைகள். 'ஒட்சியேற்ற அழுத்தம்' அளக்கிறோம் என்று சில ஆய்வுகூடங்கள் விற்கும் பரிசோதனையைச் செய்ய வேண்டாம். அன்றைய சாப்பாடு, ஓட்டம், தடிமன் எதற்கும் அந்த எண் ஏறி இறங்கும். கருவில் நடந்ததை அது சொல்லாது, சிகிச்சையையும் மாற்றாது.

குருதியமுக்கம் முதலாவது. இதைச் சரியாக அளப்பதில் தவறுவதுதான் அதிகம் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பந்தடித்துவிட்டு வந்த உடனேயோ தேத்தண்ணி, கோப்பி குடித்து அரை மணித்தியாலத்துக்குள்ளோ எடுக்கக் கூடாது. சலம் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, இரண்டு பாதமும் நிலத்தில் பட, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். வலது கையை நெஞ்சு மட்டத்துக்கு மேசையில் வைக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டால் எண் கூடிக் காட்டும். கையில் சுற்றிக் கட்டுகிற பட்டி மிக முக்கியம். மேற்கையின் நடுவில் நாடாவால் சுற்றி அளவுங்கள். 27 முதல் 34 சென்ரிமீற்றர் என்றால் வழமையான வளர்ந்தோர் பட்டி. 22 முதல் 26 என்றால் சிறிய வளர்ந்தோர் பட்டி. மெலிந்த பையனுக்குப் பெரிய பட்டி கட்டினால் எண் குறைந்து காட்டும், கொழுத்த கைக்குச் சின்னப் பட்டி கட்டினால் இல்லாத பிறசர் வரும். சட்டைக் கையைச் சுருட்டி மேலே இறுக்கிவிட்டும் கட்டக் கூடாது. இரண்டு தரம் எடுத்து இரண்டாவதை எழுதுங்கள். மணிக்கட்டில் கட்டுகிற கருவி வேண்டாம்.

13 வயதுக்கு மேல் 120/80 இற்குக் கீழே என்றால் சரி, வருடம் ஒருமுறை போதும். மேல் எண் 120 முதல் 129 வரையும், கீழ் எண் 80 இற்குக் குறைவாகவும் இருந்தால் உப்பையும் நிறையையும் பார்த்துக்கொண்டு ஆறு மாதத்தில் திரும்ப எடுங்கள். 130/80 அல்லது மேலே இருந்தால் வேறு வேறு நாட்களில் மூன்று தடவை எடுத்து, மூன்றிலும் அப்படியே இருந்தால் மட்டும் உயர் குருதியமுக்கம் என்று பெயர் வைக்கலாம். ஒரு நாள் எண்ணைப் பிடித்துக்கொண்டு பையனை நோயாளியாக்க வேண்டாம். 140/90 ஐத் தாண்டினால் காத்திருக்காமல் வைத்தியரிடம் போங்கள்.

அடுத்தது சலத்தில் அல்புமின்-கிரியேற்றினின் விகிதம் (கிரியேற்றினின் என்பது சிறுநீரகம் வெளியேற்றும் தசைக் கழிவு). காலையில் எழும்பியவுடன் போகிற முதல் சலம்தான் வேண்டும். உயர்ந்து மெலிந்த இளம் பையன்களில், நின்று நடக்கும்போது மட்டும் கொஞ்சம் புரதம் கசிந்து, படுத்தால் நின்றுவிடுகிற ஒரு தன்மை சாதாரணம். அது நோயல்ல. பகல் சலத்தைக் கொடுத்தால் அதைப் பார்த்து வீடு முழுக்கக் கலங்கும். முதல்நாள் கடுமையாக விளையாடியிருந்தாலும், காய்ச்சல் இருந்தாலும் பின்போடுங்கள். கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் குறைவு சரியானது. கூட இருந்தால் மூன்று மாதத்துக்குள் இன்னும் இரண்டு தடவை செய்து, மூன்றில் இரண்டு கூடினால்தான் கணக்கு. அதோடு ஒருமுறை குருதியில் கிரியேற்றினின் பார்த்து வையுங்கள், பிற்காலத்தில் ஒப்பிட உதவும்.

சிறுநீரகத்தைப் பற்றி நம் பக்கத்துக்கு விசேடமாக ஒன்று. வவுனியா, வெலிஓயாப் பக்கங்களில் காரணம் ஒன்றைச் சுட்டிக் காட்ட முடியாத நீண்டகாலச் சிறுநீரக நோய் இருக்கிறது. தண்ணீரின் தன்மை, வெயிலில் வற்றுவது, கிருமிநாசினிகள் எனப் பல சந்தேகிக்கப்படுகின்றன. கையிருப்புக் குறைந்த சிறுநீரகம் இந்த அடிகளைத் தாங்குவது குறைவு. மகன் வயலில் வேலை செய்தால் தாகம் வரும்வரை இருக்காமல் இடைக்கிடை தண்ணீர் குடிக்கட்டும், சோடா வேண்டாம். பந்தடித்த நோவுக்கு பாமசியில் டைக்ளோபெனக், இபுபுரோபன் வாங்கிப் போடுகிற பழக்கம் வரவே கூடாது. உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது அவை சிறுநீரகத்துக்கு நேரடி அடி. பரசிற்றமோல் போதும். பயிருக்கு மருந்தடிக்கப் போகவிடாதீர்கள். எந்த வைத்தியரிடம் போனாலும் 'முந்திப் பிறந்த பிள்ளை, 1 கிலோ 900' என்று சொல்லுங்கள். பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு கையில் இருந்தால் பிறப்பு நிறைப் பக்கத்தைப் பிரதி எடுத்து வையுங்கள், அவன் நாற்பது வயதிலும் அது தேவைப்படும்.

சீனியை வெறும் வயிற்றில் ஒருமுறை பாருங்கள். டெசிலீற்றருக்கு 100 மில்லிகிராமுக்குக் குறைந்தால் நல்லது, 100 முதல் 125 வரை எச்சரிக்கை, 126 அல்லது அதற்கு மேல் என்றால் இன்னொரு நாள் உறுதிசெய்ய வேண்டும். நிறை ஏறாமல் இருந்தால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும். கழுத்தின் பின்பக்கமும் கக்கமும் கருத்து, தோல் தடித்து வெல்வெற் மாதிரி ஆகினால் அதை அழுக்கென்று தேய்க்க வேண்டாம். இன்சுலின் வேலை செய்யத் திணறுகிறது என்பதற்கு அது வெளியில் தெரிகிற அடையாளம். சுவாசத்துக்குத் தனிச் சோதனை வேண்டாம், இழுப்போ நீண்ட இருமலோ இருந்தால் மட்டும். சிகரெட்டும் புகையிலையும் இவனுக்கு மற்றப் பையன்களைவிட ஒரு படி கூடுதலான நட்டம்.

இப்போது சாப்பாடு. இங்கேதான் தாய்மார் அன்பாலேயே பிழை விடுகிறார்கள். சின்னனில் மெலிந்திருந்தான், இப்பவாவது ஏற்றி எடுப்பம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் பின்லாந்தில், ஹெல்சிங்கியில் பிறந்தவர்களைப் பின்தொடர்ந்து 2005 இல் வெளியிட்ட ஆய்வு, பிறக்கும்போது சிறிதாக, இரண்டு வயதில் மெலிவாக இருந்து, அதன் பிறகு வேகமாக நிறை ஏறியவர்களுக்கே மாரடைப்பு அதிகம் என்று காட்டியது. மெலிவாகப் பிறந்து மெலிவாகவே வளர்ந்தவர்களைவிட இவர்கள் மோசம். சிறிய கணையத்துக்குப் பெரிய உடம்பைச் சமாளிக்க வேண்டி வருகிறது. உங்கள் மகனின் இடுப்புச் சுற்று அவன் உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். 170 சென்ரிமீற்றர் உயரமென்றால் 85 இற்குள். தொப்புள் மட்டத்தில், மூச்சை விட்ட பிறகு, நாடாவை இறுக்காமல் அளவுங்கள். கோப்பைச் சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் பயறு, கௌபி, பருப்பு, முட்டை, குளத்து மீன். உப்பு நாளுக்கு மட்டமான ஒரு தேக்கரண்டி, 5 கிராம். சிறிதாகப் பிறந்தவர்களின் குருதியமுக்கம் உப்புக்குக் கூர்மையாக எழும்பும். கருவாடும் மோர்மிளகாயும் இருக்கிற நாளில் கறிக்குப் போடும் உப்பைக் குறையுங்கள்.

பந்தடிப்பதை மட்டும் எந்தக் காரணத்துக்கும் நிறுத்த வேண்டாம். ஏ.எல். படிப்பென்று முதலில் வெட்டுவது அதைத்தான். அதே ஹெல்சிங்கித் தொகுதியில் 2004 இல், சிறிதாகப் பிறந்தவர்களில் ஒழுங்காக உடற்பயிற்சி செய்தவர்களுக்குச் சீனிக் கோளாறு குறைவு என்று கண்டார்கள். அந்தப் பாதுகாப்பு சிறிதாகப் பிறந்தவர்களிலேயே பெரிதாகத் தெரிந்தது. உடற்பயிற்சியின்போது தசையில் அந்தச் சுப்பரொட்சைட்டு வகையறாக்கள் கொஞ்சம் எழ வேண்டும். உடம்பு தன் சொந்தத் துடைக்கும் நொதியங்களைக் கூட்டிக்கொள்வது அந்தச் சமிக்ஞையைக் கேட்டுத்தான். ஜேர்மனியில் 2009 இல் இளைஞர்களுக்கு நான்கு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். சிலருக்கு நாளுக்கு விற்றமின் சி 1000 மில்லிகிராமும் விற்றமின் ஈ 400 அலகும் சேர்த்தார்கள். குளிசை எடுக்காதவர்களில் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது. எடுத்தவர்களில் அந்த முன்னேற்றம் வரவில்லை. உங்கள் ஏழாயிரம் ரூபாக் குளிசை மகனின் பந்தாட்டத்தின் பயனையே தின்னக்கூடும் என்று நான் சொல்வது இதனால். மரத்தில் பழுத்த கொய்யா, முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி இப்படிச் செய்வதில்லை. அவற்றில் உள்ளது உடம்புக்குப் பழகிய அளவு.

தங்கச்சியின் விசயம் உங்கள் மகனின் விசயத்தைவிட அவசரம். அவவுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, ஆனால் அதிகமில்லை.

கருவின் முதல் பத்து வாரமளவில் நஞ்சுக்கொடிக்குத் தாயின் குருதி முழுதாகத் திறந்துவிடப்படுவதில்லை. கரு குறைந்த ஒட்சிசனில் வளர்வது அதற்கு நல்லது, துடைக்கும் நொதியங்கள் அப்போது போதாது. 10 முதல் 12 வாரத்துக்குள் குருதி திறந்து ஒட்சிசன் ஏறக்குறைய மூன்று மடங்காகும். குழாய்கள் ஒழுங்காக அகன்றிருந்தால் நஞ்சுக்கொடி தாக்குப்பிடிக்கும். இல்லாவிட்டால் பின்னால் பிறசர் ஏறுவதற்கான அடித்தளம் அங்கேயே விழும். முதல் கர்ப்பத்தில் பிறசரோடு சலத்தில் புரதமும் போனவருக்கு அது திரும்ப வரும் அபாயம் கூடுதல்.

இதைக் குறைக்கும் என்று பரீட்சிக்கப்பட்ட மருந்து அஸ்பிரின், குறைந்த அளவில். நாளுக்கு 75 முதல் 150 மில்லிகிராம், இரவில், 12 ஆம் வாரத்துக்குப் பிறகு 16 ஆம் வாரத்துக்கு முந்தித் தொடங்க வேண்டும். 2017 இல் வெளிவந்த பெரிய பரீட்சையில், அபாயம் கூடிய தாய்மாருக்கு 150 மில்லிகிராம் கொடுத்தபோது, 37 வாரத்துக்கு முந்திப் பிறப்பிக்க வேண்டி வருகிற வகை நூற்றுக்கு 4.3 இலிருந்து 1.6 ஆகக் குறைந்தது. 20 வாரத்தில் தொடங்கினால் பயன் மிகக் குறைவு, குழாய்கள் மாறுகிற காலம் கடந்திருக்கும். ஆகவே வருகிற கிளினிக் நாளுக்கே போய், முதல் பிள்ளையின் கர்ப்பப் பதிவேட்டைக் காட்டி, 'போனமுறை பிறசர், புரதம், கெதியாப் பிறப்பிச்சது, அஸ்பிரின் வேணுமோ' என்று நேராகக் கேட்கட்டும். குடும்பநல மாதுவிடம் சொன்னால் மகப்பேற்று நிபுணரிடம் அனுப்பக் கடிதம் ஒழுங்குசெய்வா. ஆஸ்துமா அஸ்பிரினுக்குக் கூடுகிறவர், வயிற்றுப்புண்ணில் இரத்தம் போனவர் என்றால் அதையும் முதலே சொல்ல வேண்டும். தானாக வாங்கிப் போட வேண்டாம்.

கல்சியத்தில் ஒரு கணக்குப் பிழை பரவலாக நடக்கிறது. கல்சியம் குறைந்த சாப்பாடு சாப்பிடுகிற தாய்மாருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 1500 முதல் 2000 மில்லிகிராம் தனிக் கல்சியம், அதாவது குளிசையின் மொத்த எடையல்ல, அதிலுள்ள கல்சியம் மட்டும். கல்சியம் லக்டேற்று 300 மில்லிகிராம் குளிசை ஒன்றில் இருக்கும் தனிக் கல்சியம் வெறும் 39 மில்லிகிராம். கல்சியம் காபனேற்று 1250 மில்லிகிராம் குளிசையில் 500. பெட்டியில் எது எழுதியிருக்கிறதென்று பார்த்து, வைத்தியரிடம் அளவைக் கேளுங்கள். இரும்புக் குளிசையும் கல்சியமும் ஒன்றாகப் போடக் கூடாது, இரண்டு மணித்தியாலமாவது இடைவெளி வேண்டும். இரும்பைத் தேசிக்காய்த் தண்ணியோடு அல்லது கொய்யாவோடு போடலாம், தேத்தண்ணியோடு போட்டால் பாதி வீண். இரும்பு ஒட்சியேற்றத்தைக் கூட்டும் என்று எங்காவது வாசித்துவிட்டு நிறுத்திவிடவும் வேண்டாம். ஈமோகுளோபின் 11 இற்குக் கீழே போன தாயின் கரு ஒட்சிசன் பற்றாமல் படும் பாடு அதைவிடப் பெரிது. கிளினிக்கில் தருவதற்கு மேல் பாமசியில் இரண்டாவது இரும்பு வாங்கிச் சேர்ப்பதைத்தான் தவிர்க்க வேண்டும்.

விற்றமின் சி, ஈ பெரிய அளவில் கொடுத்தால் கர்ப்பகால பிறசர் வராது என்று நாங்களும் ஒரு காலத்தில் எதிர்பார்த்தோம். பிரித்தானியாவில் 2006 இல் வெளிவந்த பரீட்சையில் 2400 தாய்மார் வரை சேர்க்கப்பட்டார்கள், சி 1000 மில்லிகிராம், ஈ 400 அலகு. பிறசர் குறையவில்லை. நிறை குறைந்த பிள்ளைகள் மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்கு 28, எடுக்காதவர்களில் 24. அமெரிக்காவில் பத்தாயிரம் பேரளவில் திரும்பச் செய்தும் பயன் இல்லை. ஒரேயொரு இடத்தில் மட்டும் விற்றமின் சி நாளுக்கு 500 மில்லிகிராம் உதவியிருக்கிறது: புகைப்பதை விட முடியாத கர்ப்பிணிகளின் குழந்தைகளுக்கு, நுரையீரலில். உங்கள் தங்கச்சிக்கு அது பொருந்தாது.

அவவுக்குப் பொருந்துகிற புகை குசினிப் புகை. ஈரப் பாலை விறகு, மூடிய கொட்டில், அடுப்பு மூட்டப் பொலித்தீன் துண்டு, இந்த மூன்றும் சேர்ந்தால் காலையும் மாலையும் அவ சுவாசிப்பது சிகரெட்டுக்குக் கிட்டிய சரக்கு. காபனோரொட்சைட்டு ஈமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும், கருவுக்குப் போகிற ஒட்சிசன் குறையும். விறகைப் பிளந்து வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். பொலித்தீனும் ரயர்த் துண்டும் வேண்டாம், பன்னாடையும் சிரட்டையும் இருக்கின்றன. புகைபோக்கி இல்லாவிட்டால் மழையில்லாத நாளில் வெளி அடுப்பு. பூட்டிய அறைக்குள் நுளம்புத்திரி கொளுத்தாமல் வலை கட்டுங்கள். வெத்திலை போடுகிறவ என்றால் பாக்கையும் புகையிலையையும் பிள்ளை பிறக்கும்வரையாவது விடட்டும், பாக்கு தனியாகவே பிறப்பு நிறையைக் குறைக்கும். மருந்தடித்துவிட்டு வருகிற ஆளின் உடுப்பை அவ தோய்க்கக் கூடாது.

சீனி ஏறிய கர்ப்பத்திலும் குளுக்கோசு கூடிக் கூடி இழைமணிகள் அதே சுப்பரொட்சைட்டைக் கக்கும். கிளினிக்கில் முதல் வரவில் பார்ப்பதோடு விட்டுவிடாமல், 24 முதல் 28 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோசு குடித்துச் செய்கிற சோதனையைச் செய்ய வேண்டும். வெறும் வயிற்றில் 92, ஒரு மணித்தியாலத்தில் 180, இரண்டில் 153, இவற்றில் ஒன்றைத் தொட்டாலே சிகிச்சை தேவை.

20 வாரத்துக்குப் பிறகு விடாத தலையிடி, கண் மங்குதல், நெஞ்சுக்குழிக்குக் கீழே வலப்பக்க நோவு, திடீரென முகம் வீங்குதல், பிள்ளை அசைவது குறைதல், எது வந்தாலும் அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்க வேண்டாம், அந்த நேரமே ஆஸ்பத்திரி. பிறசர் 140/90 என்றால் அன்றே, 160/110 என்றால் நிமிடக் கணக்கு.

முதல் பிள்ளையையும் மறந்துவிடாதீர்கள். தாய்க்கு அந்தப் பிறசர் வந்து பிறந்த பிள்ளைகளின் குருதியமுக்கத்தில் மேல் எண், மற்றப் பிள்ளைகளைவிடச் சராசரியாக 2 மில்லிமீற்றர் மட்டில் கூட இருக்கும். சிறிய வித்தியாசம், மருந்து வேண்டியதில்லை. மூன்று வயது கடந்தால் வருடம் ஒருமுறை சின்னப் பிள்ளைப் பட்டியால் அளந்து பதிவேட்டில் எழுதுவியுங்கள். தங்கச்சிக்கும், பிள்ளைகள் வளர்ந்த பிறகு இருதய நோய் வரும் அபாயம் மற்றப் பெண்களைவிட இரு மடங்களவில். 35 வயதிலிருந்து அரச வைத்தியசாலையின் ஆரோக்கிய வாழ்வு நிலையத்தில் காசில்லாமல் பிறசர், சீனி பார்க்கலாம். அவ முப்பதிலேயே தொடங்கினால் நல்லது.